உறையின் மேல் எழுத வேண்டிய பெயர்

சுங்குவார்சத்திரம்
9.11.2014

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அங்கன்வாடி வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்க உன்னைக் கூப்பிட்டிருப்பதாக அம்மா சொன்னாள். மச்சான் போன பிறகு நம் வீட்டுக்கு வந்த ஒரே நல்ல சேதி. அதைக் கேட்டு நான் அழுதேன் என்றால் திட்டாதே. காரணத்தைப் போனில் சொல்ல முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் எல்லாம் கம்பெனியில் என் லைனில் வேலை செய்யும் பெண்கள்.

எனக்கு இது பதினேழாவது வாரம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குழந்தையிடமிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம் கொஞ்சம் குறைவாம். அது மட்டும் பெரிதில்லை, தாயின் எடை, வாரம், வயது எல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் போடுவோம், உனக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டதால் குழந்தைக்கு மூளை வளர்ச்சிக் குறை இருக்குமோ என்று சந்தேகம் என்றார் டாக்டரம்மா. வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். சிலருக்கு அதில் கரு கலைந்துவிடுமாம். போன வருஷம் ஒன்று தங்காமல் போனது உனக்குத் தெரியும்.

முப்பத்தைந்து உனக்கு அக்கா. எனக்கு இருபத்தைந்து. பத்தாவது பெயிலான நான் உன் சான்றிதழைக் காட்டி வேலையில் சேர்ந்தபோது இதையெல்லாம் யார் நினைத்தோம்? கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையிலும் உன் பெயர்தான், கனகலட்சுமி. ரத்தம் எடுத்த நர்ஸ் செங்கமலம், "இன்னாம்மா, பாத்தா சின்னப் பொண்ணாட்டம் கீற" என்றாள். நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். வெட்கங்கெட்டவள்.

உண்மை வயதைச் சொன்னால் கணக்கு மாறும், ஊசியே வேண்டாம் என்றாகலாம். ஆனால் விஷயம் கம்பெனிக்குப் போகும், என் வேலை போகும், உன் சான்றிதழையும் தோண்டித் துருவுவார்கள். இவரோ, "வாயத் தொறந்தா ரெண்டு குடும்பமும் தெருவுக்கு வந்துரும். பேசாம ஊசியப் போட்டுக்க" என்கிறார். சொல்லிவிட்டு அவரும் சாப்பிடவில்லை.

ஊசிக்கு 21ஆம் தேதி குறித்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு வரி போடு. நான் வாயைத் திறக்கலாம் என்றால் உறையின் மேல் என் பெயரை எழுது. கூடாது என்றால் வழக்கம்போல உன் பெயரையே எழுது. கோபப்பட மாட்டேன்.

நான் பேசாமலே இருந்து, பிள்ளையும் தங்கிவிட்டால், பிறப்புச் சான்றிதழில் அதற்குத் தாய் நீதான். உன் பிள்ளையாகவே நினைத்து, தங்கட்டும் என்று வாழ்த்து அக்கா.

உன் தங்கை,
இசக்கிசெல்வி