கீழ்க்கதவு வைத்த யன்னல்

காலிக் கோட்டை
12.07.2009

அன்புள்ள நிஹாறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மகளும் மாமியும் சுகம்தானே? அல்ஹம்துலில்லாஹ், நான் நல்ல சுகம்.

ஒரு புதினம் சொல்ல வேண்டும். கோட்டைக்குள் நான் தச்சுவேலை செய்யும் வீடு மிகப் பழையது. கதவு, யன்னல் எல்லாம் ஆதியில் இருந்தபடியே செய்ய வேண்டும் என்பது இங்கே சட்டம். பழைய கதவுகள் உக்கிப்போய் மாதிரி பார்க்க வழியில்லாததால், முதல் யன்னலின் நிலையில் கைப்பழக்கத்தில் நம் கல்முனை யன்னல் போலவே மேலே இரண்டு, கீழே இரண்டு கதவு வைத்துவிட்டேன். கீழே சாத்தினால்தானே பெண்கள் தெருவுக்குத் தெரியாமல் காற்று வாங்கலாம்!

பார்க்க வந்த அதிகாரி, ஆதியில் இப்படி இருக்கவில்லை என்று சத்தம் போட்டார். வீட்டுக்கார ஹாஜியார் யன்னல் நிலையின் பழைய பெயின்ரைச் சுரண்டினார். பக்கத்துக்கு நான்கு பிணைச்சல் பூட்டிய தழும்பு, மேல்கதவுக்கு இரண்டு, கீழ்க்கதவுக்கு இரண்டு! ஆதியிலும் மேல் கீழாகத்தான் திறந்திருக்கிறது. "ஓம், தச்சு பாஸ் செய்ததுதான் சரி" என்று அதிகாரியே சிரித்துவிட்டார். மிச்சப் பதினொரு யன்னலும் என் கையால்தான்.

மிஞ்சிய தேக்குப் பலகையை ஹாஜியார் எனக்கே தந்தார். சண்டை முடிந்ததால் லொறியை மறிப்பதும் குறைவாம், கொண்டுவரலாம். சுனாமிக்குப் பிறகு கட்டிய நம் வீட்டில், நீ பலகை அடித்து மூடச் சொன்ன கடல் பக்க யன்னலை நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு அனுப்பு. அதே நூலில் மகளின் உயரத்துக்கும் ஒரு முடிச்சு.

அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்கிறது, முடிக்கிறேன். பயப்படாதே. முதலில் மேல்கதவை மட்டும் திறப்போம், காற்றுத்தான் வரும், உட்கார்ந்தால் கடல் தெரியாது. கீழ்க்கதவை நீ சொல்லும் நாளில் திறக்கிறேன்.

உன்,
ஜௌபர்