நீக்கிய பதினொரு விநாடி

தம்பிக்கு,

ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும்.

வீட்டில் எல்லோரும் சுகம். அண்ணிக்கு மூட்டுவலிதான் விட்டபாடில்லை. ஸ்டுடியோவில் எனக்கு அதே வேலை: மற்றவர்கள் பேசியதிலிருந்து இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டி எறிவது.

அப்பா படுத்திருந்த பதினான்கு மாதமும் துடைத்தவன், தூக்கியவன் நான். நீ வாரம் ஒரு முறை போனில் டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டாய். எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் சக்கரப் பெட்டியோடு வந்து, "வேற ஆஸ்பத்திரியில காட்டியிருக்கலாமேண்ணா" என்றாய். அதை நான் மறக்கவில்லை.

அப்பாவின் கடைசிப் பேச்சை நான் பதிவு செய்திருந்தேன். நீ கேட்டாய், சுத்தம் செய்து கொடுத்தேன். ஹாலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாற்பது நிமிடமும் கேட்டாய். கழற்றிவிட்டு, "என்னைப் பத்தி ஒரு வார்த்தைகூடக் கேக்கலையாண்ணா?" என்றாய். இருப்பது அவ்வளவுதான் என்றேன். மறுநாளே கிளம்பிவிட்டாய். அப்பா கோபத்தோடேயே போய்விட்டார் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். போன மாதம் உன் மனைவி அண்ணியிடம் அழுதிருக்கிறாள்.

கேட்டார், தம்பி. இருபத்தாறாவது நிமிடத்தில். "சின்னவன் வந்தா, எனக்கு அவன்மேல கோவம் இல்லன்னு சொல்லுடா."

திரையில் அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்தேன். கண்டபடி வெட்டினால் 'டிக்' என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒலி அலையின் படத்தைப் பெரிதாக்கி, தேர்வின் இரண்டு முனைகளையும் அலை நடுக்கோட்டைத் தொடும் புள்ளிக்கு நகர்த்தி நீக்கினேன். அப்படியும் ஒட்டு லேசாகத் தெரிந்தது. வேறு இடத்திலிருந்து அப்பாவின் மூச்சு ஒன்றை எடுத்து அங்கே வைத்தேன். என் தொழிலில் அவ்வளவு நேர்த்தியாக வேறெதையும் செய்ததில்லை.

பக்கத்திலேயே கிடந்த எனக்கென்று அந்த நாற்பது நிமிடத்தில் அப்பா சொன்னது ஒன்றே ஒன்று. ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

வெட்டியதைத் தூக்கி எறியவில்லை. ஏன் என்று கேட்காதே. இத்துடன் உள்ள பென்டிரைவில் இருக்கிறது. முடிவில் ஒரு குரல் "சரிப்பா" என்று சொல்லும். அது என்னுடையது. இன்று காலை அந்த ஒரு சொல்லை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பலாம் என்று முனைகளைக்கூட வைத்துவிட்டேன். விரல் பொத்தான்மேல் இருந்தது. பிறகு விரலை எடுத்துவிட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஆனால் இதைத் தனியாக இருக்கும்போது கேள். பிள்ளைகள் எதிரில் வேண்டாம். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்கும் ரத்த அழுத்தம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மாத்திரையை விடாமல் சாப்பிடு.

இப்படிக்கு,

இதற்குக் கீழே 'அன்புள்ள அண்ணன்' என்று எழுதக் கை வரவில்லை. வெறும் பெயரை எழுதினால் யாரோ எழுதியது போல இருக்கிறது. ஒன்றும் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.