சிலுவையில் தாத்தாவின் பெயர்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
10.10.2006

அன்புள்ள சாந்த்ரின் அக்காவுக்கு,

நானும் அப்பாவும் நலம். தாத்தா நலமில்லை. நலம் விசாரிப்பு இவ்வளவுதான்.

அங்கே பிரான்சில் விமானப்படைக்காரர்களைப் புதைத்த கல்லறைத் தோட்டத்தில், ஒரு சிலுவையில் லுயீஸ் என்று தாத்தாவின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கிறதே, யார் இது என்று கேட்டிருந்தாய். அது தாத்தாவின் தம்பி ழான்-மரி.

தாத்தாவுக்கு வீட்டில் லுயீஸ், பாஸ்போர்ட்டில் ழான்-மரி. இரண்டு பெயர் வைத்தார்கள் என்றுதானே நாம் நினைத்தோம்? இல்லை. இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்தவர் தாத்தா. கப்பலேறும் நாளில் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். பதினேழு வயதுத் தம்பி, அண்ணனின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். தாத்தா கையில் மிஞ்சியது தம்பியின் சான்றிதழ். கல்யாணம், வேலை, பிரெஞ்சுக் குடியுரிமை எல்லாமே அதை வைத்துத்தான்.

தம்பியை இங்கிலாந்தில் பழக்கி, குண்டுவீச்சு விமானத்தின் வால்கூண்டில் துப்பாக்கியோடு உட்காரவைத்தார்கள். பதினொரு முறை போய்த் திரும்பினார். பன்னிரண்டாவது முறை இல்லை. சிலுவையில் வயது 22 என்று இருக்கும். அவருக்குப் பத்தொன்பது.

இறந்தவர்கள் பட்டியலிலும் லுயீஸ்தான். கல்லறைத் திருநாள் பூசையில் சாமியார் அந்தப் பட்டியலைத்தான் வாசிப்பார். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. தன் ஆன்மா இளைப்பாற தாத்தா அறுபது வருஷமாக 'ஆமென்' சொல்லியிருக்கிறார்.

நீ அனுப்பிய விபத்து அறிக்கையை நான்தான் படித்துச் சொன்னேன். "குதிச்சிருக்கலாமாடா அவன்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். டிப்ளமா படித்த புத்தி, படம் போட்டு விளக்கினேன். கூண்டுக்குள் பாராசூட்டோடு உட்கார இடமில்லை, கூண்டுக்கு வெளியே, விமானத்துக்குள் மாட்டியிருக்கும். தீப்பிடித்து மின்சாரம் போயிருக்கிறது, கூண்டு பக்கவாட்டில் திரும்பியபடி நின்றுவிட்டது, அதன் கதவு விமானத்தின் உள்வழிக்கு நேராக வராது, பாராசூட்டை எட்டி எடுக்க முடியாது என்றேன். பாராசூட் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்றார். நாலு அடி என்றேன். படத்தை வாங்கி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கஞ்சிகூட இறங்கவில்லை.

நேற்று, "அன்னிக்கு எனக்கு ஜொரம்லாம் இல்லடா. பயந்துட்டேன்" என்றார். மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

சிலுவையில் பெயரை மாற்ற முடியுமா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். "ழான்-மரி உசுரோட இங்க இருக்காரு, அங்க எப்படிப்பா செத்தாரு?" என்று சிரித்தார் எழுத்தர். அப்பாவோ, "கெளறாத, உங்க பெரியப்பா பேப்பரு, சாந்த்ரின் பேப்பரு, எல்லாம் போயிடும்" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். அந்தப் பெயர் மாறாது. தாத்தா போனால் இங்கே சிலுவையில் ழான்-மரி என்றுதான் எழுதுவோம்.

பொழுது விடிந்தால் தாத்தா கேட்பது ஒன்றுதான். "அவன அவன் பேர் சொல்லி யாராச்சும் கூப்டுங்கடா."

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு அங்கே போ. பூ, மெழுகுவத்தி எல்லாம் உன் இஷ்டம். என் செல்லுக்கு அடி, தாத்தா காதில் வைக்கிறேன். சிலுவைக்கு முன்னால் நின்று ழான்-மரி என்று சத்தமாக ஒரு தடவை கூப்பிடு. மன்னித்துவிட்டார், நிம்மதியாக இருக்கிறார் என்றெல்லாம் எதையும் சேர்க்காதே. தாத்தா நம்பமாட்டார்.

அதுவரை இவர் தாங்குவார் என்று டாக்டர் சொல்லவில்லை. தாங்காவிட்டாலும் போ, அக்கா. கூப்பிடு. போனை நான் பிடித்துக்கொண்டிருப்பேன்.

உன் தம்பி,
பெஞ்சமேன்