ஒன்பது அங்குல மழை

அன்பான அண்ணிக்கு,

ஐப்பசி பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. வடக்குப்பட்டில் இன்னும் ஒரு தூறல்கூட இல்லை. காய்ச்சலில் நீங்கள் போன பிறகு உங்கள் மழை நோட்டை நான்தான் எழுதி வருகிறேன். மழையை அளக்க நீங்கள் முற்றத்தில் வைத்த டப்பா காய்ந்து கிடந்தாலும் ஸ்கேலை விட்டுப் பார்த்துச் சுழியம் போடுகிறேன். "பேயாத மழய இன்னாத்துக்கும்மா எழுதற?" என்று ஊரே சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

அந்த அடைமழையை இவர்கள் எப்படி மறந்தார்கள்? பள்ளிக்கூட டீச்சரான நீங்கள் காலையில் டப்பாத் தண்ணீரை அளந்துவிட்டு ஏரிக்கு ஓடினீர்கள். ஒரே நாளில் ஒன்பது அங்குலம். ஏரி நிரம்பி வழிகிற கலங்கலின் மேல் அண்ணனும் மற்ற நிலக்காரர்களும் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்கியிருந்தார்கள். பிரித்தால் கலங்கல் வாய்க்கால் ஓரத்து நம் பயிர் மூழ்கும். பிரிக்காவிட்டால் கரை உடைந்து கீழே இருக்கும் குடிசைகள் போய்விடும்.

"பயிரு போனா இன்னாத்த துன்றது?" என்று அண்ணன் கத்தினார்.

"பயிர திரும்ப நட்டுக்கலாம். அந்தப் புள்ளைங்கள நட முடியுமா?" என்றீர்கள்.

குடிசைப் பெண்களோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூட்டைகளைப் பிரித்துத் தள்ளினீர்கள். நான் அண்ணன் பக்கத்தில் நின்று உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதை மறைக்க மாட்டேன். கரை நின்றது. நம் பயிர் போனது.

மூட்டைகளைப் பிரித்ததற்காக உங்களை ஸ்ரீபெரும்புதூர் தாலுக்கா ஆபீஸுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் வர மறுத்ததால் துணைக்கு நான் வந்தேன்.

"எங்க கணக்குல நாலு அங்குலம்தான். யாரக் கேட்டும்மா பிரிச்ச?" என்றார் அதிகாரி.

"உங்க ஆபீஸ் மேல நாலு பேஞ்சிருக்கும் சார். எங்க ஏரி மேல ஒம்போது. மழ யாரக் கேட்டுகினு பேஞ்சிது?"

அவர் ஃபைலை மூடிவிட்டு நம்மைப் போகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. தெரிந்துதான் இருந்ததா?

இப்போது மூன்று வருஷமாக ஏரி பாதிகூட நிரம்பவில்லை. போன வாரம் அண்ணன் மண்வெட்டியோடு கிளம்பினார். "மழயே காணோம். கலங்க வாய்க்கா இன்னாத்துக்கு? தூத்துட்டு கேவுறு போட்டுக்கலாம்."

நான் போய் வாய்க்காலின் நடுவே உட்கார்ந்தேன். "எம்மேல கொட்டித் தூத்துக்கோ," என்றேன்.

வெயில் சாயும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒரே வீட்டில் இருந்தும் என்னோடு பேசுவதில்லை. பயிர் போன பிறகு உங்களோடும் அப்படித்தானே இருந்தார்? எப்படித் தாங்கினீர்கள் அண்ணி?

பேசாமலே இருக்கட்டும். மழை அடுத்த வாரம் வரலாம், பத்து வருஷம் கழித்தும் வரலாம். வரும்போது அது போக வழி இருக்கும். என் உடம்பில் உயிர் உள்ளவரை அந்த வாய்க்காலில் ஒரு கூடை மண் விழாது.

இப்படிக்கு,
உங்களோடு சண்டை போட்டே உறவான நாத்தனார்,
சாரதா