பதினோராவது கேள்வி

வெள்ளிக்கிழமை, இரவு

இன்று ஒரு மகளிர் கல்லூரியில் என் ஆய்வுக்கான கேள்வித்தாளைக் கொடுத்தேன். பாலியல் நலம் பற்றி மாணவிகளுக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்கிற வேலை. தாளில் யாரும் பெயர் எழுதுவதில்லை.

எல்லாரும் போன பிறகும் ஒருத்தி நின்றாள். விதுரா ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மலையாளத்தில் முணுமுணுத்தவள், வாசலைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டாள்.

“அக்கா, பதினோராவது கேள்விக்கு உத்தரம் என்னவாக்கும்?”

பாதுகாப்பில்லாமல் உறவு நடந்துவிட்டால் அவசர மாத்திரையை எத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்ற கேள்வி அது.

“இப்ப சொல்லக் கூடாதும்மா. அடுத்த மாசம் கிளாஸ் எடுப்பேன், அப்ப சொல்றேன்.”

“மார்க்குக்கு இல்லக்கா. எனக்கு அறியணும்.”

“ரூல்ஸ் அப்படி” என்று சிரித்தேன். சிரித்தேனே! அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

தாள்களை அடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டுக்கு ஓடினேன். பஸ் போய்விட்டது. என் ஆய்வுக் கைடுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். “நல்லதாப் போச்சு. சொல்லியிருந்தா டேட்டா கெட்டிருக்கும்” என்றார்.

எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, மூன்று நாளுக்குள் போட்டுவிடு. இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது. ஒரு டாக்டரிடம் போ என்றாவது சொல்லியிருக்கலாம்.

அவள் பெயர்கூடத் தெரியாது. நாளையும் மறுநாளும் விடுமுறை. திங்கட்கிழமை முதல் மணிக்கே அந்த வகுப்புக்குப் போய் எல்லாருக்கும் சொல்லிவிடுவேன், ஆய்வு கெட்டால் கெடட்டும். ஆனால் இன்று அவளுக்கு எத்தனையாவது நாள் என்று நான் கேட்கவே இல்லை.