ஊரில் டச்சு பேசாத ஒரே ஆள்

ஹோர்ன், நெதர்லாந்து,
ஜூலை 28

அன்பு மகள் லீஸ்பெத்துக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முழங்கால் மட்டும் வானிலை அறிக்கைக்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது. நீ, மாப்பிள்ளை இஷ்ட்வான், குட்டி மார்ட்டன் மூவரும் ஹங்கேரி வெயிலில் வதங்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய உன் மாணவி எமோக்கே நேற்று ரயில் ஏறிவிட்டாள். முடிவை முதலில் சொன்னால் பாதிக் கடிதத்தோடு எழுந்து போய்விடுவாய், அதனால் வரிசையாகவே சொல்கிறேன். உன் பல்கலைக்கழக டச்சுத் துறையில் மிஞ்சியிருப்பது ஐந்தே மாணவர்கள், இவளும் ஆங்கிலத் துறைக்கு மாறிவிட்டால் நாலு, நாலு பேருக்காகத் துறையை நடத்த மாட்டார்களாம் என்று போனில் அழுதாயே, அன்றிலிருந்து எனக்கும் சரியான தூக்கமில்லை. ரெண்டு வருஷம் படிச்சும் வாயைத் தொறக்கப் பயப்படறா, மூணு வாரம் நம்ம வீட்ல வெச்சு டச்சுலயே முக்கி எடும்மா என்றாய். என்னிடம் ஒரு வேலையைச் சொன்னால் விடுவேனா?

நம் ஊர்க்காரர்களைத்தான் உனக்குத் தெரியுமே, வெளிநாட்டுக்காரர் டச்சில் கொஞ்சம் திக்கினால் போதும், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். சனிக்கிழமைச் சந்தையில் ஹெர்ரிங் மீன் விற்கும் ஹர்மனும் அதைத்தான் செய்தான். ஒரு மீன், வெங்காயத்தோடு என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பெண், பாவம், முதல் சொல்லை எடுப்பதற்குள் அவன் ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டான். எனக்கு வந்ததே கோபம். ஏண்டா ஹர்மன், புள்ள பேசி முடிக்கறதுக்குள்ள என்ன அவசரம், மீனு எழுந்து ஓடியா போயிடும் என்று கேட்டேன். வரிசையே சிரித்தது. சரிங்க மகாராணி, இனிமே இங்கிலீஷ்ல மூச்சுக்கூட விடமாட்டேன் என்று கும்பிட்டான். அதே வேகத்தில் ரொட்டிக்கடை, நூலகம், சைக்கிள் கடை என்று ஒருவர் விடாமல் மிரட்டி வைத்தேன். ஒரு போலீஸ் தொப்பியும் வாங்கிக்கோ என்றார் உன் அப்பா.

இரண்டாவது வாரம் அவருடைய பிறந்தநாள் வந்தது. வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கு ஒரு துண்டு கேக். எமோக்கே நம் வழக்கப்படி, வந்திருந்தவர்கள் ஒருவர் விடாமல் கைகொடுத்து டச்சில் வாழ்த்தினாள், பக்கத்து வீட்டு அம்மாவிடம்கூட உங்க பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறந்தநாள், வாழ்த்துகள் என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாத்திரம் கழுவும்போது களைப்பாக இருக்கிறதா என்று அவளை விசாரித்தேன். அவள் கைத்துணியைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி டச்சில் சொன்னாள், இந்த ஊர்ல எல்லாரும் என்கிட்ட டச்சு பேசறாங்க, நீங்க மட்டுந்தான் பேசறதில்ல என்று. அப்போதுதான் உறைத்தது, களைப்பா என்று நான் கேட்டதே ஆங்கிலத்தில்! காலையில் எழுந்ததும் நன்றாகத் தூங்கினாயா என்பதும் ஆங்கிலம், குடை எடுத்துக்கொள் என்பதும் ஆங்கிலம். இவ்வளவு நாளும் அதைப் பாசம் என்று நினைத்திருக்கிறேன், எனக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை என்பதுதான் உண்மை, லீஸ்பெத். போலீஸையே புடிச்சுட்டாங்கப்பா என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து உன் அப்பா சிரித்தார், நான் வெட்கத்தில் சிவந்துபோனேன்.

அதற்குப் பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சொல்லை அவள் தேடி முடிப்பதற்குள் காபியே ஆறிவிடும், ஆனால் சொல் வந்துவிடும். போன சனிக்கிழமை ஹர்மன் வெங்காயம் போட மறந்ததற்கு, காதை எங்க வெச்சுட்டு வந்தீங்க என்று அவள் போட்ட போட்டில் அவன் மகிழ்ந்துபோய் இன்னொரு மீனைச் சும்மாவே கொடுத்தான். முன்னூறு வருடத்துக்கு முன் நம் நாட்டுக்குப் படிக்க வந்த ஹங்கேரிப் பையன்களைப் பற்றித்தான் ஆய்வு எழுதப் போகிறாளாம், அவங்ககிட்ட இங்கிலீஷ் பேச ஆளே இல்ல, குடுத்து வெச்சவங்க என்கிறாள். ஆம், அவள் துறை மாறவில்லை! உன் ஐந்து பேர் ஐந்து பேர்தான். கழிவறைச் சுவரில் வீட்டார் பிறந்தநாள்களையெல்லாம் குறித்து மாட்டியிருக்கும் நம் நாட்காட்டியில் அவள் பெயரையும் எழுதிவிட்டேன், மார்ச் ஒன்பது.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் டச்சு சொல்லிக்கொடுக்கிறாய், நீயும் மாப்பிள்ளையும் வீட்டில் பேசுவது ஆங்கிலம். ஞாயிறுதோறும் மார்ட்டன் போனில் ஓமா என்று என்னைக் கூப்பிட்டு டச்சில்தான் ஆரம்பிப்பான், இரண்டு சொல்லில் திக்குவான், உடனே நான் ஆங்கிலத்துக்குப் போய்விடுவேன். ஆறு வயதாகிறது அவனுக்கு, பாட்டியோடு முழுதாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. குற்றம் என்னுடையது.

ஆண்டவர் உங்கள் மூவரையும் நலமாக வைத்திருக்கட்டும். அப்பாவின் முத்தங்கள். வரும் ஞாயிறு போனை அவன் கையில் கொடுத்துவிட்டு நீ அடுத்த அறைக்குப் போய்விடு, பின்னாலிருந்து சொல்லிக்கொடுக்காதே. அவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேடட்டும். நான் காபி போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என்றும் உன்
அம்மா யான்டினா