சீலைக்கு வெளியே ஒரு வெளிச்சம்

ஷிபானாட வாப்பாவுக்கு,

தாராபுரத்துக் கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போறன். மீன் ஆணத்தைச் சூடாக்கிச் சாப்பிடுங்கோ.

பொம்பிளையள் இருக்கிற அறைக்குள்ள நான் வந்து லைற் பிடிக்க ஏலாது, அதால ஓடரை விடு எண்டு நேற்றுக் கோவிச்சுக்கொண்டு சொன்னீங்கள். விடமாட்டன். அது சண்டைக்குப் பிறகு திரும்பி வந்து மீள்குடியேறின ஆக்களின்ர வீடு. கரண்டும் வரேல்ல, யன்னலுக்குக் கதவும் இல்லை, வெள்ளைச் சீலைதான் கட்டியிருக்கு. நீங்கள் முற்றத்தில நிண்டு சீலைக்கு நேரே பிளாஷைப் பிடியுங்கோ. வயர் தேவையில்லை, உள்ளுக்கு நான் கமெராப் பொத்தானை அமத்த, வெளியில அது மின்னும். சீலையால வடிஞ்சு மணப்பெண்ணின்ர முகத்தில வெளிச்சம் மெதுவா விழும்.

பிளாஷ் மேசையில. எடுத்துக்கொண்டு மஃரிபுத் தொழுகைக்கு முன்ன வாங்கோ.

றிஹானா

மணிக்கூடு ஏன் நிண்டிட்டுது எண்டு யோசியாதேங்கோ. அதின்ர பற்றரியும் பிளாஷுக்குள்ளதான்.

கோபம் தீராட்டி முதுகைக் காட்டிக்கொண்டே நில்லுங்கோ. கை மட்டும் என்ர பக்கம் இருந்தால் போதும்.